பூனைக்குப் போகவிருந்த போர்வை

சம்சுன்னிசாவிடம் மாட்டாமல் அந்த அலுவலகத்தில் ஒருத்தரும் தப்பியதில்லை. பிறந்தநாளா, பதவி உயர்வா, முதுகுவலி என்று எம்சி எனும் மருத்துவ விடுப்பு போட்டுவிட்டுத் திரும்பி வந்த நாளா, எதுவானாலும் சரி, மேசைமேல் ஏதாவது ஒன்று பின்னப்பட்டு உட்கார்ந்திருக்கும். காப்பிக் கோப்பைக்குச் சட்டை, டிஷ்யூ பெட்டிக்குப் பாவாடை, அடையாள அட்டைக்குக் கழுத்துநாடா. கீழே வாயிலில் உட்காரும் காவலாளியின் தண்ணீர் பாட்டிலுக்குக்கூட ஒரு ஸ்வெட்டர் உண்டு. வருஷம் முழுக்க வேர்த்துக் கொட்டுகிற சிங்கப்பூரில் பாட்டிலுக்கு எதற்கம்மா ஸ்வெட்டர் என்று அந்த மனுஷர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மூடிக்குத் தொப்பியும் கிடைத்திருக்கும்.

சிராங்கூன் ரோட்டில் நகைக்கடைகளுக்கு மேலே, மூன்றாவது மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கப்பலில் போகிற சரக்குக்குப் பத்திரம் தயார் செய்து கொடுக்கிற நிறுவனம். சம்சுன்னிசா அங்கே சேர்ந்தபோது தலையில் ஒரு நரை கிடையாது. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். கல்யாணம் ஆகவில்லை. ஆகக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லை, அவளும் நினைக்கவில்லை. வாப்பா மௌத்தான பிறகு உம்மாவைப் பார்த்துக்கொண்டாள். உம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்ததிலேயே வயது ஓடிவிட்டது. அப்புறம் உம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். பிடோக்கில் அரசாங்க அடுக்குமாடி ஒன்றில் ஒரு சின்ன வீவக வீடு. சாயங்காலம் கதவைத் திறந்து விளக்கைப் போட்டால், காலையில் குடித்து வைத்த கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். அதை நகர்த்தி வைக்க இன்னோர் ஆள் அந்த வீட்டில் இல்லை.

அந்த வீட்டில் பொழுதைத் தள்ளத்தான் பின்னலைக் கையில் எடுத்தாள். பின்னிப் பின்னிக் குவிந்ததை என்ன செய்வது? ஆபீசுக்குக் கொண்டு வந்தாள். ஒன்றைக் கொடுக்கும்போது எதிராளி நிமிர்ந்து பார்த்து, "அட, எனக்கா?" என்று கேட்பார் பாருங்கள், அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அத்தனையும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நன்றாகவா இருக்கும்?

இதையெல்லாம் பார்த்துத்தான் மனிதவளப் பிரிவு ஹஸீனாவுக்கு ஒரு யோசனை உதித்தது.

"லாத்தா, ஸ்டாஃப் வெல்பீயிங்குக்கு ஏதாச்சும் பண்ணுன்னு மேலேருந்து என் உயிரை எடுக்குறாங்க. புதன்கிழமை லஞ்ச் டைம்ல நீங்க குரோஷே சொல்லிக் குடுங்களேன். ரூம் புக் பண்ணித் தர்றேன், நூலுக்கு பட்ஜெட்டும் இருக்கு லா."

சம்சுன்னிசாவுக்குக் கால் தரையில் படவில்லை. தேக்கா பக்கம் தனக்குத் தெரிந்த கடையில் நூலும் ஊசியும் வாங்கி வந்து, ஆளுக்கொரு பையாகக் கட்டி வைத்தாள். முதல் புதன்கிழமை அறை நிரம்பி வழிந்தது. ஹஸீனா படம் எடுத்து நிறுவனத்தின் பக்கத்தில் போட்டாள். அடுத்த வாரம் பாதிப் பேருக்கு அவசர வேலை வந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் மீதிப் பேருக்கு. கடைசியில் எஞ்சியது ஒரே ஒருத்தி, சிவதர்ஷினி.

சிவதர்ஷினி பக்கத்து மேசைக்காரி. முப்பதைத் தொட்ட வயது, யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். பின்னல் அவளுக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. நேராக ஒரு வரிசை போடச் சொன்னால் அது பாம்பு மாதிரி நெளியும். ஆனாலும் புதன்கிழமை தவறாமல் நாசி பாடாங் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். ஊசியைப் பிடித்த நேரத்தைவிடக் கரண்டியைப் பிடித்த நேரம்தான் அதிகம். வாய் மட்டும் ஓயாது. சுவா சூ காங்கில் வாங்கிய வீடு, சோபாவை எந்தச் சுவர் ஓரம் போடுவது என்று புருஷனோடு நடந்த சண்டை, அந்தப் புருஷன் துவாரகன் குழம்பு வைக்கிறேன் என்று அடிப்பிடித்த சட்டி, அப்புறம் வயிற்றில் வந்த பாப்பா என்று ஒன்றுவிடாமல் சொல்வாள். அவர்கள் கல்யாணம் மெல்பர்னில் நடந்ததால் அலுவலகத்திலிருந்து யாரும் போகவில்லை. துவாரகனைச் சம்சுன்னிசா பார்த்ததெல்லாம் சிவதர்ஷினியின் கைப்பேசித் திரையில்தான். ஆனால் அந்த வீட்டில் குளிர்சாதனப் பெட்டி எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரை அவளுக்கு அத்துப்படி.

அந்த வீட்டுக்கு ஒரு தடவை போக வேண்டும். சம்சுன்னிசாவுக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான். இத்தனை பெரிய ஊரில், காரணம் ஏதும் இல்லாமல் போய்க் கதவைத் தட்டி, "சும்மா வந்தேன்" என்று உட்காரக்கூடிய வீடு அவளுக்கு ஒன்றுகூட இல்லை. நோன்புப் பெருநாளுக்கு ஜொகூரில் ஒரு சொந்தம், அதுவும் வந்தோம் போனோம் என்று முடிந்துவிடும். சிவதர்ஷினி ஒரு வார்த்தை, "வீட்டுக்கு வாங்கக்கா" என்று சொன்னால் போதும், மறுநாளே போய் நிற்பாள். மூன்று வருஷமாக உலகத்தையே பேசுகிற அந்த வாய் அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போகிற ரகம் இல்லை சம்சுன்னிசா. அதனால் காத்திருந்தாள்.

பாப்பா வரப்போகிறது என்று தெரிந்ததும் போர்வை ஒன்றைத் தொடங்கினாள். இந்த ஊர்ப் புழுக்கத்துக்குக் கம்பளி ஆகாது என்று பருத்தி நூல் தேடி வாங்கி, பச்சையும் வெள்ளையுமாகப் போட்டாள். பச்சைப் பிள்ளையின் தோலில் உறுத்தக் கூடாதே என்று முடிச்சு விழுந்த இடத்தையெல்லாம் பிரித்துப் பிரித்து மறுபடி போட்டாள். ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சின்ன இலை. அது அவளுடைய அடையாளம், எதைப் பின்னினாலும் வைப்பாள். முடித்ததும் மடித்து வெள்ளை நாடாவால் கட்டினாள். குழந்தை பிறந்தது, பெண். இனிமேல் கூப்பிடாமல் இருப்பாளா?

"லாத்தா, நாங்க மூணு பேர் பாப்பாவைப் பாக்கப் போறோம்" என்று வந்து நின்றாள் ஹஸீனா. "சின்ன வீடு, கூட்டமா போனா அவங்களுக்குத்தான் சங்கடம் லா. நீங்க குடுக்கறதைக் குடுங்க, நான் சேர்த்துடறேன்."

சம்சுன்னிசா போர்வையைக் கொடுத்தாள். அன்று சாயங்காலமே சிவதர்ஷினியிடமிருந்து செய்தி வந்தது: "ரொம்ப அழகா இருக்குக்கா." அதற்குக் கீழே வரிசையாக இதயங்கள். இதயங்களுக்குக் கீழே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று சம்சுன்னிசா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

சிவதர்ஷினி பேறுகால விடுப்பில் இருந்த அந்த மாதங்களில் புதன்கிழமைகள்தான் சம்சுன்னிசாவைக் கொன்றன. அறை அவள் பெயரில் வாராவாரம் தானாகவே பதிவாகிக்கொண்டிருந்தது. போகாமல் இருந்தால், ஆள் வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் போய் உட்கார்ந்தாள். அத்தனை நீள மேசை, அத்தனை நாற்காலி, நடுவில் இவள். யாராவது கதவைத் திறப்பார்கள், "சாரி சாரி" என்று மூடிவிடுவார்கள். ஒரு நாள் புதுப் பையன் ஒருவன் தலையை நீட்டி, "மீட்டிங் எப்ப முடியும்?" என்று கேட்டான். "இப்பதான் தொடங்கிருக்கு" என்றாள் சம்சுன்னிசா, ரொம்பக் கௌரவமாக. கதவு மூடிக்கொண்டதும் அவளுக்கே சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் நின்றுவிட்டது.

சரி, இனி பிளெஸ்ஸிங் விவகாரத்துக்கு வருவோம். இந்த ஊரில் வேண்டாத சாமானைத் தள்ளிவிட டெலிகிராமில் ஒரு குழு உண்டு. பழைய மின்விசிறி, சின்னதாகிப் போன சட்டை, திறக்காத பிஸ்கட் டின் என்று படம் பிடித்துப் போடுவார்கள். தள்ளிவிடுகிறேன் என்று சொல்ல மாட்டார்கள், பிளெஸ் பண்ணுகிறேன் என்பார்கள். யார் முதலில் எனக்கு என்று எழுதுகிறாரோ அவருக்கு. வீட்டுக் கம்பிக் கதவில் பையை மாட்டி வைத்துவிடுவார்கள், போய் எடுத்துக்கொள்ள வேண்டியது. ஏன் கொடுக்கிறாய், எதற்கு வாங்குகிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அதுதான் அங்கே மரியாதை. மிச்சம் மீதி நூலுக்காகச் சம்சுன்னிசா அதில் இருந்தாள். அதில் அவள் சேர்ந்திருந்தது உம்மாவின் பழைய கைப்பேசி எண்ணில். உம்மா போன பிறகும் அந்த இணைப்பை வெட்ட மனசு வரவில்லை. அதனால் குழுவில் அவள் பெயர் கதீஜா, அவளுடைய உம்மாவின் பெயர்.

சிவதர்ஷினி திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறாள் என்று தெரிந்த வாரம். சனிக்கிழமை காலை பசியாறிக்கொண்டே குழுவைப் பார்த்தாள் சம்சுன்னிசா. பச்சையும் வெள்ளையுமாக ஒரு போர்வை. கட்டிய வெள்ளை நாடா கட்டியபடியே இருந்தது. 'கைவேலை, புதுசு, பயன்படுத்தவில்லை, சுவா சூ காங்கில் வந்து எடுத்துக்கொள்ளவும்' என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. படத்தைப் பெரிதாக்கினாள். மூலையில் இலை இருந்தது.

கையிலிருந்த பரோட்டாவைத் தட்டிலேயே போட்டுவிட்டாள். யா அல்லாஹ், வேறு யாருடையதாகவோ இருக்கட்டும் என்று மறுபடி பார்த்தாள். தான் போட்ட பின்னல் தனக்குத் தெரியாமல் போகுமா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்துக்குக் கீழே ஒரு பெண் கேட்டாள்: 'என் பூனைக்கு எடுத்துக்கலாமா?'

பூனைக்கு! சம்சுன்னிசாவின் விரல் அவளைக் கேட்காமலே ஓடிற்று. 'எனக்கு வேண்டும், பிடோக்கிலிருந்து இப்பவே வரேன்' என்று போட்டுவிட்டாள். பூனைக்காரி முதலில் வேண்டும் என்று சொல்லவில்லை, கேள்விதான் கேட்டாள். குழுவின் சட்டப்படி போர்வை கதீஜாவுக்குத்தான். 'ஓகே ஆன்ட்டி' என்று பதில் வந்தது, கூடவே புளோக் எண்ணும் கதவு எண்ணும். மூன்று வருஷமாகக் கிடைக்காத முகவரி இப்படி வந்து விழுந்தது.

பிடோக்கிலிருந்து சுவா சூ காங் என்றால் தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்துகொண்டு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனாள். தெரியாமல் எடுத்துப் போட்டிருப்பார்கள். இரண்டு போர்வை இருந்திருக்கும், மாறிப் போயிருக்கும். எப்படியும் கதவில்தான் மாட்டியிருக்கும். சத்தம் போடாமல் எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம், யார் பார்க்கப் போகிறார்கள்?

மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததும் அந்த வீடு தெரிந்துவிட்டது. வாசலில் செருப்பு அலமாரி, அதன்மேல் ஒரு துளசித் தொட்டி. கம்பிக் கதவில் பை இல்லை. திரும்பிவிடலாமா என்று அவள் யோசிப்பதற்குள் மரக்கதவு திறந்தது. தோளில் ஒரு துண்டு, ஒரு கையில் குழந்தை, மறு கையில் பெரிய துணிப்பை. கைப்பேசித் திரையில் பார்த்த அதே முகம், துவாரகன். மெல்பர்னில் வளர்ந்தவனாக இருந்தாலும் தமிழ் அச்சு அசலாக அப்பா அம்மா பேசுகிற யாழ்ப்பாணத்துத் தமிழ்.

"கதீஜா அன்ரியோ? கேட்டில கொழுவி வைப்பம் எண்டு வாறன், அதுக்குள்ள வந்திட்டியள்!"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலையை ஆட்டினாள்.

"பிடோக்கில இருந்தோ வந்தனீங்கள்? கடவுளே, எவ்வளவு தூரம். உள்ளுக்கு வாங்கோ அன்ரி, தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

பாருங்கள் கூத்தை. மூன்று வருஷமாக எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாளோ அதே வார்த்தை, முன்பின் தெரியாத ஒருவன் வாயிலிருந்து, வேறு யாரோ ஒரு கதீஜாவுக்குச் சொல்லப்பட்டது. உள்ளே குளியலறையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. சிவதர்ஷினி குளிக்கிறாள் போலும்.

"வேணாம் தம்பி, கீழ ஆள் நிக்குது" என்றாள்.

"சரி அன்ரி. போர்வையோட இன்னும் கொஞ்சச் சாமான் கிடக்கு. எல்லாம் கையால செய்தது. விருப்பமெண்டா எல்லாத்தையும் கொண்டு போங்கோ."

பையை விரித்துக் காட்டினான். டிஷ்யூ பெட்டியின் பாவாடை இருந்தது. கோப்பைச் சட்டை இருந்தது. பிறந்தநாளுக்குக் கொடுத்த கைப்பை, தீபாவளிக்குக் கொடுத்த வாசல் தோரணம், கழுத்துநாடா எல்லாம் இருந்தன. அத்தோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும் அந்தப் பெண்பிள்ளை. மனசு கேட்கவில்லை.

"யாரு செஞ்சது தம்பி இதெல்லாம்?"

"என்ர மனிசியின்ர ஒஃபிசில ஒரு அக்கா. பாவம், தனிய இருக்கிறா, வேற பொழுதுபோக்கு இல்லை. கண்ட கண்டதுக்கெல்லாம் சட்டை பின்னிக் குடுப்பா." துவாரகன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, வெகுளிச் சிரிப்பு. "வேண்டாமெண்டு சொன்னா அந்த மனுசி அழுதிடுவா எண்டு இவவுக்குப் பயம். வாங்கி வாங்கி அடுக்கி வைச்சிட்டா. இப்ப பிள்ளையின்ர சாமான் வைக்கவே இடமில்லை."

"அவங்க ஒரு நாளைக்கு வீட்டுக்கு வந்து பாத்தா?"

"அதுதானே! அதுக்காகத்தான் அவவை இவ கூப்பிடுறதே இல்லை. வந்தா, நான் தந்தது எங்கை எண்டு தேடுவா எல்லே."

சம்சுன்னிசா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கொடுத்துக் கொடுத்துத் தன் கையாலேயே அந்த வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள், இத்தனை நாளாக! கோப்பைக்குச் சட்டை போட்டுவிடாமல் சும்மா இருந்திருந்தால் என்றைக்கோ ஒரு நாள் கூப்பிட்டிருப்பாள் அந்தப் பெண். பிடித்துக்கொண்ட கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சின்னக் கை நீண்டு வந்து, அவள் ஆள்காட்டி விரலை இறுக்கிப் பிடித்தது. பாப்பா அவளையே உற்றுப் பார்த்தது.

"புது ஆக்களைக் கண்டா கத்துற பிள்ளை, உங்களைப் பிடிச்சிட்டுது பாருங்கோ!"

அம்மாவின் அதே கண். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"யாரு துவா?" சிவதர்ஷினியின் குரல்.

"போர்வைக்கு வந்த அன்ரி!"

விரலை உருவிக்கொண்டாள். பையை வாங்கினாள். நன்றி சொன்னாளா, இல்லையா, அவளுக்கே தெரியாது. மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பயந்து படிக்கட்டில் இறங்கினாள். திருடி மாதிரி ஓடினாள் என்றே சொல்லலாம். திரும்பி வருகிற ரயிலில், மடியில் பையை வைத்துக்கொண்டு, ஜூரோங் ஈஸ்ட் நிலையம் வருவதற்குள் தோளில் போட்டிருந்த துப்பட்டா நனைகிற அளவுக்கு அழுதாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் அவளுக்கு ஒரு சௌகரியம்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆத்திரம். ஒரு தடவை ஆத்திரம் வந்தால் இவளும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பாவமாம், பாவம்! நாளைக்கு வரட்டும், எல்லார் முன்னாலேயும் கேட்கிறேன், "என் போர்வை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டு, அவள் முகம் போகிற போக்கைப் பார்க்கிறேன். அரிசி களையும்போதும் துணி காயப்போடும்போதும் அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கேட்க வேண்டிய அவசியமே வரவில்லை. திங்கட்கிழமை மதியம் எல்லாரும் பேன்ட்ரியில் கூடி சிவதர்ஷினியைச் சூழ்ந்துகொண்டார்கள். கேக் வெட்டியானதும் ஹஸீனா ஆரம்பித்தாள்.

"சம்சு லாத்தா பின்னின போர்வை எப்படி? பாப்பா யூஸ் பண்றாளா?"

சிவதர்ஷினி ஒரு நொடி சம்சுன்னிசாவைப் பார்த்தாள். பிறகு படபடவென்று பேசினாள். "அது இல்லாம தூங்கவே மாட்டா ஹஸீனா. துவைக்கக்கூட விட மாட்டேங்குறா. ஓரத்தை வாயில வச்சுச் சப்பிக்கிட்டே தூங்குறா."

"சோ ஸ்வீட் லா! அப்ப அந்தப் போட்டோவை அனுப்பு. புதன்கிழமை கிளாஸை மறுபடி தொடங்குறோம்னு நியூஸ்லெட்டர்ல போடப் போறேன். பாப்பாவும் போர்வையும், பெர்ஃபெக்ட்! இப்பவே அனுப்பு."

எல்லாரும் சுற்றி நின்று அவள் கைப்பேசியை எட்டிப் பார்த்தார்கள். சிவதர்ஷினி படங்களைத் தள்ளினாள், தள்ளிக்கொண்டே இருந்தாள். காது மடல் சிவந்து போயிற்று. "இங்கதான் இருந்துச்சு..." என்றாள். நேற்று முழுக்கச் சம்சுன்னிசா ஆசைப்பட்ட காட்சி இதுதான். தட்டில் வைத்துக் கொடுத்தது மாதிரி எதிரே நடந்துகொண்டிருந்தது. சும்மா நின்றால் போதும். ஆனால் அந்தப் பெண்ணின் கட்டைவிரல் அதே படங்களைத் திரும்பத் திரும்பத் தள்ளுவதைப் பார்த்ததும் நேற்றைய ஆத்திரம் எங்கே போயிற்றோ, காணவில்லை.

"போட்டோவும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றாள் சம்சுன்னிசா, கண்டிப்பான குரலில். "பச்சப்புள்ள படத்தை ஊரே பாக்குற மாதிரி போடுறதா? கண்ணூறு பட்டுடும். நான் பின்னுன துணியால அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. ஹஸீனா, நீயும் புள்ள பெத்தவதானே?"

"ஆமால்ல லாத்தா. வேணாம் வேணாம்" என்று ஹஸீனா பின்வாங்கினாள். பேச்சு கேக்குக்குத் திரும்பியது. சிவதர்ஷினி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு, சம்சுன்னிசா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வந்து நின்றாள் சிவதர்ஷினி. குழாயை அவளே மூடினாள்.

"அக்கா, நான் பொய் சொன்னேன்."

சம்சுன்னிசா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"போர்வை வீட்ல இல்லக்கா. நான்தான் துவாகிட்ட, எல்லாத்தையும் பிளெஸ் பண்ணிடுங்கன்னு சொன்னேன். பிரிச்சுக்கூடப் பாக்கல. நீங்க எனக்காக இவ்ளோ பேசுறீங்க, என்னால தாங்க முடியல." அவள் கண் நிறைந்துவிட்டது. "உங்களை வீட்டுக்குக் கூப்பிடணும்னு எத்தனையோ வாட்டி நினைச்சிருக்கேன். வந்தா நீங்க குடுத்தது ஒண்ணுகூட வெளிய இருக்காதே, மூஞ்சை எங்க கொண்டு போய் வைக்கிறதுன்னு பயந்து பயந்தே கூப்பிடல. சத்தியமா அதுதான்கா காரணம். உங்களைப் பிடிக்காம இல்ல. லீவ்ல வீட்ல கெடந்தப்ப, புதன்கிழமை வந்தா உங்க ஞாபகம்தான் வரும்."

சம்சுன்னிசாவின் மனசு நிறைந்துவிட்டது. நிறைந்துவிட்டது என்று சொன்னால் போதாது. அழுத்தி வைத்திருந்த மூன்று வருஷமும் ஒரே மூச்சில் கரைந்து போயிற்று. ஈரக் கையோடு அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொடப் போனாள்.

"இந்த ஞாயித்துக்கிழமை வாங்கக்கா. திட்டணும்னா அங்க வந்து திட்டுங்க, வாங்கிக்கிறேன்." சிவதர்ஷினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உற்சாகமானாள். "வழி ரொம்ப ஈசி. எம்ஆர்டில இறங்குனதும் இடது பக்கம் வாங்க, மினிமார்ட் தாண்டி ரெண்டாவது புளோக். லிஃப்டை விட்டு வெளிய வந்தா வாசல்ல துளசித் தொட்டி இருக்கும், அதான் நம்ம வீடு. துவாவுக்கு உங்களைப் பாக்கணும்னு ரொம்ப ஆசை. அவரு ஒரு வாட்டி ஆளைப் பார்த்தா ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாருக்கா. சனிக்கிழமை போர்வை எடுக்க யாரோ ஒரு ஆன்ட்டி வந்தாங்களாம், பாப்பா அவங்க விரலை விடவே இல்லையாம். இன்னும் அந்த ஆன்ட்டி பேச்சுதான் வீட்ல."

நீண்ட கை பாதியில் நின்றுவிட்டது.

"நான்தான்மா அது." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் என்ன ஆகும்? அந்த வாசலில் துவாரகன் பேசியது அத்தனையும் இவள் காதில் விழுந்தது இந்தப் பெண்ணுக்குத் தெரிந்துபோகும். பாவம், தனிய இருக்கிறா, அழுதிடுவா. இத்தனையையும் கேட்டுக்கொண்டு, செத்துப்போன உம்மாவின் பெயரைச் சொல்லி, தான் கொடுத்ததைத் தானே பிச்சை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டு படிக்கட்டில் ஓடியவள் இவள்தான் என்று தெரிந்துபோகும். அதன்பிறகு அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி எப்படிப் பார்ப்பது? பொய்யைச் சொன்னவள் அரை மணி நேரம்கூடத் தாங்காமல் வந்து கொட்டிவிட்டாள். இவளால் முடியவில்லை. சொல்லாமல் அந்த வீட்டுக்குப் போய் நின்றாலும் துவாரகன் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வான்.

"இந்த ஞாயிறு தோதுப்படாதும்மா" என்றாள்.

"அப்ப அடுத்த ஞாயிறு?"

"பாப்போம்."

"அதுக்கடுத்த வாரம்? லீவ் நாளா பாத்துச் சொல்லுங்கக்கா, எப்ப வேணும்னாலும்..."

"பாப்போம்மா."

சிவதர்ஷினியின் முகம் சுருங்கிற்று. "கோபம் போகலையாக்கா?"

இல்லை என்றால், அப்புறம் ஏன் வர மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்பாள். இந்த வாரம் இல்லாவிட்டால் அடுத்த வாரம், அதுவும் இல்லாவிட்டால் அடுத்த மாதம் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். சம்சுன்னிசா குழாயைத் திறந்து, கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

"கொஞ்சம் இருக்குதான்மா" என்றாள்.

"இருக்கத்தான்கா செய்யும். நான் செஞ்சது அப்படி" என்று சிவதர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் மேசைக்குப் போனாள். சம்சுன்னிசா தண்ணீரை நிறுத்தாமல் நின்றுகொண்டிருந்தாள். கோபம் என்பது அவளிடம் ஒரு பொட்டுக்கூட இல்லை.